மாடிக் கதவின் சாவி: ஒரு கல்லூரி ஆட்சிக்குழுவுக்குத் திறந்த மடல்

கல்லூரி ஆட்சிக்குழுத் தலைவர், செயலர், உறுப்பினர்கள் அவர்களுக்கு,

உங்கள் முதன்மைக் கட்டடத்தின் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டியிருக்கும் அறையை 30 நாட்களுக்குள் காலி செய்துவிட வேண்டும், அங்குள்ள கம்பத்தையும் ஆன்டெனாக்களையும் எங்கள் செலவிலேயே இறக்கிக்கொள்ள வேண்டும் என்று உரிமம் பெற்ற ஆர்வலர்கள் சொந்த வானொலிக் கருவிகளில் பேசிக்கொள்ளும் எங்கள் ஹாம் வானொலிச் சங்கத்துக்கு நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. அதில் மூன்று காரணங்கள் சொல்லியிருக்கிறீர்கள். வேலைவாய்ப்புப் பயிற்சிக்கு இடம் போதவில்லை. கம்பத்தால் இடியும் கதிர்வீச்சும் வரும் என்று விடுதி மாணவர்களின் பெற்றோர் சிலர் அஞ்சுகிறார்கள். எல்லோர் கையிலும் கைபேசி இருக்கும் காலத்தில் இப்படியொரு சங்கத்துக்கான தேவை குறைந்துவிட்டது. இவற்றுக்குப் பிறகு, பேரிடர் போன்ற அவசர நேரங்களில் சங்கத்தினர் கேட்டால் நிர்வாகம் தற்காலிகமாக இடம் ஒதுக்கித் தரும் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். நல்லெண்ணத்தோடுதான் அதை எழுதியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆனால் 35 ஆண்டுகளுக்கும் மேலாக இந்த அலைவரிசைகளில் இருந்துவரும் எனக்கு, முதல் மூன்று காரணங்களையும்விட அந்த ஒரு வரிதான் ஏற்க முடியாததாக இருக்கிறது. அது ஏன் என்பதைச் சொல்லவே இந்த மடல்.

சங்கத்தின் சார்பில் செயலர் இரண்டு முறை எழுதியும், ஒரு முறை நேரில் வந்து அலுவலக வாசலில் காத்திருந்தும் பதில் கிடைக்கவில்லை. ஆகவே பொதுவில் எழுதுகிறேன். கல்லூரியின் பெயரையும் ஊரின் பெயரையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். உள்ளூரில் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே தெரியும், வெளியில் இருப்பவர்களுக்கு அது அவசியமில்லை.

நான் தொலைபேசித் துறையில் 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். 1989இல் ஹாம் உரிமம் வாங்கினேன். இந்தச் சங்கத்துக்கு 11 ஆண்டுகள் செயலராக இருந்தேன். 1991இல் உங்கள் கல்லூரியின் அப்போதைய முதல்வர், உடைந்த நாற்காலிகள் அடைந்து கிடந்த அந்தப் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையை எங்களுக்குத் திறந்துவிட்டார். "பசங்க வந்து பாக்கட்டும், அது போதும்" என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை. எழுத்தில் எதுவும் வாங்கி வைக்கவில்லை. அது எங்கள் தவறு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். வாய்மொழி அனுமதி என்பது கொடுத்தவர் இருக்கும்வரைதான் என்பது இப்போது புரிகிறது.

அந்த அறையில் என்ன நடந்தது என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அன்றைக்கு ஹாம் ஆவது சுலபமில்லை. தேர்வு எழுதுவதற்கு இரவு ரயிலேறிச் சென்னைக்குப் போய், பெருங்குடியில் உள்ள வானலைக் கண்காணிப்பு நிலையத்தில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு புள்ளியும் கோடுமான மோர்ஸ் ஒலிகளைக் காகிதத்தில் இறக்க வேண்டும். தேறிய பிறகு காவல்துறை விசாரணை, டெல்லியிலிருந்து உரிமம். எனக்கு அது வந்து சேர 14 மாதங்கள் ஆயின. செட்டும் கடையில் கிடைக்காது. எங்கள் மூத்த உறுப்பினர்கள் இருவர், 1985இல் மூர் மார்க்கெட் எரிந்துபோவதற்கு முன் அங்கே எடை போட்டு வாங்கிவந்த பழைய ராணுவ செட்டுகளைப் பிரித்துத்தான் முதல் டிரான்ஸ்மிட்டரைக் கட்டினார்கள். எங்கள் தலைமுறைக்கு, சென்னையில் மின்னணுப் பாகங்கள் விற்கும் ரிச்சி தெரு. ஒரு கிரிஸ்டலுக்காக அந்தத் தெருவில் அரை நாள் அலைந்திருக்கிறேன்.

ஞாயிறு மாலை 4 மணிக்குக் கூடுவோம். முதல் அரை மணி நேரம் மோர்ஸ். ஒலி எழுப்பும் ஆசிலேட்டரை மேசை நடுவே வைத்து ஒருவர் கீயைத் தட்ட, மற்றவர்கள் எழுதுவார்கள். பிறகு யாராவது கொண்டுவந்த செட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேச்சு. சால்டரிங் புகையும் கீழ்க்கடை போண்டாவின் எண்ணெய் வாசமும் கலந்து அந்த அறைக்கென்றே ஒரு வாடை உண்டு. இன்றைக்கும் கதவைத் திறந்தால் அது இருக்கிறது. மாதம் ஒரு முறை க்யூஎஸ்எல் அட்டைகள் செருப்புப் பெட்டியில் வரும். எந்த நாட்டு ஹாமுடன் எந்தத் தேதியில், எந்த அலைவரிசையில் பேசினோம் என்பதற்கான சான்று அந்த அட்டைதான். தெற்குச் சுவர் முழுவதும் அவை குத்தப்பட்டிருக்கின்றன. ஈரம் ஏறி மை கரைந்தவையும் உண்டு, கழற்ற மனம் வரவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை திருச்சி, புதுக்கோட்டை, காரைக்கால் பக்கத்து ஹாம்கள் எல்லாம் வந்து சேரும் ஐபால். ஆண்டு முழுதும் குரலாக மட்டுமே தெரிந்தவரை அன்றைக்குத்தான் முகமாகப் பார்ப்போம். குரலை வைத்து ஆறடி ஆளாக நினைத்திருந்தவர் ஐந்தடியில் வந்து நிற்பார். ஐபால் நாளில் ஃபாக்ஸ் ஹன்ட் நடக்கும்: எங்கேயோ ஒளித்துவைத்த சிறு டிரான்ஸ்மிட்டரைத் திசை பிடித்துக் கண்டுபிடிக்க வேண்டும். 1996இல் அதைத் தேர்முட்டிக்குள் ஒளித்து வைத்தோம். பெரியவர்கள் எல்லாம் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்க, 13 வயதுப் பையன் ஒருவன் சைக்கிளில் போய் எடுத்துவந்தான்.

இதெல்லாம் பொழுதுபோக்குதானே என்று கேட்பீர்கள். ஆம், பொழுதுபோக்குதான். ஹாம் உரிமத்தில் ஒரு பைசா வாங்கிக்கொண்டு செய்தி அனுப்ப முடியாது; வியாபாரம் பேச முடியாது. அதனால்தான் சட்டத்திலேயே அதற்கு அமெச்சூர் சேவை என்று பெயர். ஆனால் பொழுதுபோக்கு என்பதால் பயனற்றது என்ற முடிவுக்கு நீங்கள் தாவியிருப்பதைத்தான் மறுக்கிறேன்.

இந்த மாநிலத்தில் வானொலி என்பதே ஒரு சங்கத்தின் பொழுதுபோக்காகத் தொடங்கியதுதான். 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் சென்னை மாகாண வானொலிச் சங்கத்தை அமைத்து, அதே ஆண்டு ஜூலையில் ஒலிபரப்பைத் தொடங்கினார்கள். பணமில்லாமல் 1927இல் அது நின்றுபோனது. அப்போது சங்கம் தன் டிரான்ஸ்மிட்டரைச் சென்னை மாநகராட்சிக்குக் கொடுத்தது. மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பை மீண்டும் தொடங்கி, 1938இல் அகில இந்திய வானொலி வரும்வரை நடத்தியது. கடற்கரையில் ஒலிபெருக்கி கட்டி ஊரையே கேட்க வைத்தது. நொடித்துப்போன ஒரு சங்கத்தின் கருவியை ஒரு பொது அமைப்பு அன்றைக்கு எடுத்து வைத்துக் காப்பாற்றியது. நீங்களோ ஓடிக்கொண்டிருக்கும் சங்கத்துக்கு 30 நாள் கெடு கொடுத்திருக்கிறீர்கள்.

அடுத்து 2004. அந்த டிசம்பர் தொடக்கத்தில் பாரதி பிரசாத் தலைமையில் ஹாம்கள் சிலர் அந்தமானுக்குப் போயிருந்தார்கள். போர்ட் பிளேரிலிருந்து வி.யு.4 ஆர்.பி.ஐ. என்ற கால்சைனில் (ஒவ்வொரு நிலையத்துக்கும் உரிய அழைப்புப் பெயர்) அவர்கள் ஒலித்தபோது உலகெங்கும் ஹாம்கள் வரிசை கட்டி நின்றார்கள். பல ஆண்டுகளாக யாரும் ஒலிக்காத இடம் அது, க்யூஎஸ்எல் அட்டை சேர்ப்பவர்களுக்குப் புதையல் மாதிரி. முழுக்க முழுக்கப் பொழுதுபோக்குக்காகப் போனவர்கள். டிசம்பர் 26 காலை நிலம் நடுங்கி, கடல் ஏறியது. தொலைபேசி போயிற்று. அட்டைக்காகக் கட்டிய ஆன்டெனாவும் செட்டும் அன்றிலிருந்து தீவுகளுக்கும் நாட்டுக்கும் இடையே செய்தி கொண்டுபோகும் வழியாயின. அந்த நாட்களில் எங்கள் மாடி அறையில் 14 மெகாஹெர்ட்ஸில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எங்கள் கடற்கரையிலேயே பிணங்கள் கிடந்த நேரம் அது. எங்கள் தெருவில் ஒருவருடைய தம்பி அந்தமானுக்குத் தச்சு வேலைக்குப் போயிருந்தார். அவர் உயிரோடு இருக்கிறார் என்ற செய்தி, கைமாறிக் கைமாறி, நான்காம் நாள் எங்கள் மேசைக்கு வந்தது. அந்தக் குழு "அவசரம் வந்தால் போய்க்கொள்ளலாம்" என்று ஊரில் காத்திருந்திருந்தால் அந்தச் செய்தி வந்திருக்குமா?

மறு ஆண்டு மே 5ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் ஹாம்களுக்கென்றே 42.5 கிலோ எடையில் ஹாம்சாட் செயற்கைக்கோள் ஏறியது. ஸ்டீல் டேப்பை வெட்டி பிளாஸ்டிக் குழாயில் பொருத்தி உங்கள் மாணவர்கள் செய்த, ஒரு திசையை நோக்கிப் பிடிக்கும் யாகி ஆன்டெனாவைக் கையில் பிடித்து, அது தலைக்கு மேல் கடக்கும் பத்து நிமிடத்துக்குள் பேசியிருக்கிறோம். 2014 வரை அது வேலை செய்தது.

இனிச் சொல்லப்போவது எங்களுக்குப் பெருமை தருவதல்ல. ஆனால் இந்த மடலின் மையமே அதுதான்.

2011 வாக்கில் சங்கம் தளர்ந்தது. மூத்தவர்கள் சிலர் மறைந்தார்கள். ஹாம் வழக்கில் அவர்களை சைலன்ட் கீ என்போம். சிலர் பிள்ளைகளோடு வெளியூர் போனார்கள். பேச வேண்டுமென்றால் வாட்ஸ்அப் இருக்கிறது, மாடி ஏறி எதற்கு வர வேண்டும் என்ற நிலை. ஞாயிற்றுக் கூட்டம் மாதத்துக்கு ஒன்றாகி, பிறகு ஆயுத பூஜைக்கு மட்டும் என்றானது. அறை பூட்டியே கிடந்ததால் சாவியைக் கல்லூரி அலுவலகத்தில் கொடுத்துவைத்தோம். யோசித்துப் பாருங்கள், நீங்கள் இப்போது எங்களுக்கு வழங்க முன்வரும் ஏற்பாடு ஏறக்குறைய அப்போது நடைமுறையிலேயே இருந்தது: வழக்கமான கூட்டம் இல்லை, அவசரம் என்றால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

2015 டிசம்பர் முதல் வாரம் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே வேலையிலும் படிப்பிலும் இருந்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். கைபேசி மணி அடிக்கவேயில்லை. 2ஆம் தேதி மதியத்திற்குள் என் வீட்டுத் திண்ணையில் ஏழு குடும்பங்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. "சார், உங்க ரேடியோவுல கேட்டுச் சொல்லுங்க" என்றார்கள். சென்னையில் ஹாம்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். 7 மெகாஹெர்ட்ஸில் பகல் நேரத்தில் இங்கிருந்து சென்னை எட்டாத தூரமே அல்ல. கல்லூரிக்கு ஓடினேன். விடுமுறை, சாவி வைத்திருந்த எழுத்தர் திருவாரூரில் சொந்தக்காரர் வீட்டில். மாலை 6 மணிக்கு வாட்ச்மேன் தயவில் பூட்டை உடைத்து உள்ளே போனோம். பேட்டரியின் தகடுகளில் வெள்ளை பூத்து, 12 வோல்ட் இருக்க வேண்டியது 7ஐத் தாண்டவில்லை. ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளை எலி கடித்திருந்தது. இரு பக்கமும் கம்பி நீட்டிக் கட்டிய டைபோல் ஆன்டெனாவின் ஒரு கை அறுந்து தொட்டிக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. எந்த மழையில் அறுந்ததோ. வேறு பேட்டரி தேடி, கேபிள் ஒட்டி, கம்பி கட்டி முடிக்க மறுநாள் பிற்பகல். அதைவிட மோசம் என்னவென்றால், மைக்கை எடுத்தபோது எந்த நெட் (ஹாம்கள் வானலையில் ஒன்றுகூடி வரிசையாகப் பேசும் கூட்டம்) எந்த நேரத்தில் எந்த அலைவரிசையில் நடக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. நான்கு ஆண்டுகளாகக் கேட்காதவனுக்கு எப்படித் தெரியும்? திண்ணையில் காத்திருந்த குடும்பங்களுக்கு அந்த வாரம் நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்த செய்தி ஒன்றுகூட இல்லை. எல்லோருடைய பிள்ளைகளும் நலமாக இருந்தார்கள் என்பது தானாகவே பின்னால் தெரிந்தது, எங்களால் அல்ல.

அந்த வெட்கத்தில்தான் 2016 பொங்கலுக்குப் பிறகு ஞாயிற்றுக் கூட்டத்தை மீண்டும் தொடங்கினோம். சாவியின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். இரவு 8 மணிக்கு சமிக்ஞையை வாங்கி மீண்டும் தொலைவுக்கு அனுப்பும் ரிப்பீட்டரில் அரை மணி நேர நெட். ஒருவர் நெட் கன்ட்ரோல், மற்றவர்கள் கால்சைன் சொல்லி வரிசையில் வர வேண்டும். பேச விஷயமே இருக்காது. "இங்கே தூறல், எல்லாம் நலம், செவன்டி த்ரீ" என்று சொல்லிப் போவார்கள். செவன்டி த்ரீ என்பது ஹாம் வழக்கில் விடைபெறும் வாழ்த்து. வெளியிலிருந்து கேட்பவருக்கு இது வெட்டி வேலையாகத்தான் தோன்றும். எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் மட்டும் அதிலும் விடமாட்டார். எந்த எண்ணைச் சொன்னாலும் இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும் என்று நச்சரிப்பார். எழுபதும் எண்பதும் இரைச்சலில் ஒன்று போலவே கேட்கும். ஆகவே "ஏழு, சுழி" என்று சொல், பிறகு திருப்பிச் சொல்லக் கேள். மாணவர்கள் அவருக்கு முதுகுக்குப் பின்னால் "சுழி தாத்தா" என்று பெயர் வைத்திருந்தார்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரை கடந்தது. அன்றைய விடியலை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. கைபேசிக் கோபுரங்கள் பலவும் நின்றன. அது யாருடைய குற்றமும் அல்ல; கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும், பிறகு டீசல் வேண்டும், டீசல் வண்டி வரவேண்டிய சாலை முழுக்கத் தென்னையும் மின்கம்பமும் விழுந்து கிடந்தன. தொலைபேசி நிலையங்களின் பேட்டரி அறையில் பாதி வாழ்க்கையைக் கழித்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

எங்கள் கம்பமும் சாய்ந்தது. ஆனால் காலை 7 மணிக்கே ஆறு பேர் மாடியில் இருந்தார்கள், யாரும் யாரையும் அழைக்கவில்லை. உங்கள் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி, ஏழு மாதத்துக்கு முன் உரிமம் வாங்கியவள், வீட்டு வயரிங்குக்கு வைத்திருந்த கம்பிச் சுருளைப் பிரித்து, பக்கத்துக்கு 33 அடி என்று கை முழத்தால் அளந்து டைபோல் கட்டினாள். ஒரு முனை தண்ணீர்த் தொட்டியில், மறுமுனை தப்பி நின்ற புளியமரத்தில். பேட்டரி முந்தைய ஞாயிறுதான் சோதித்தது. அது இறங்கியதும் உறுப்பினர் ஒருவருடைய டிராக்டர் பேட்டரி வந்தது. 9 மணிக்கு முன்னால் திருச்சியும் மதுரையும் கேட்டன.

நான்கு நாட்களில் 63 செய்திகளை நோட்டில் பதிந்திருக்கிறோம். அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த மகன், தன் தாய் எப்படியிருக்கிறார் என்று ஹாம்கள் வழியாகக் கேட்டிருந்தார். அந்தக் கிராமத்தில் ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு மூதாட்டிகள். ஒருவர் சுவர் விழுந்து இறந்துபோனார். ஒருவருக்கு வயது எழுபது, மற்றவருக்கு எண்பது. கிராமத்துக்கு ஹேண்டி எனும் கையடக்க செட்டோடு சைக்கிளில் போயிருந்த எங்கள் பையன் அங்கிருந்து "இறந்தவர் வயது எட்டு, சுழி, கேட்கப்பட்டவர் ஏழு, சுழி, பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்" என்று சொன்னான். மாடியில் எழுதிய மாணவி அதை இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லி உறுதி செய்த பிறகே திருப்பூருக்குப் போனது. வேறெந்தப் பயிற்சி வகுப்பிலும் அவர்கள் அதைக் கற்கவில்லை; தூறலைப் பற்றிப் பேசிய ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றது.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை நான் ஏன் ஏற்கவில்லை என்பது இப்போது விளங்கியிருக்கும். 2015இலும் 2018இலும் அதே அறை, அதே கம்பம், ஏறக்குறைய அதே ஆட்கள். முன்னதில் அவசரத்துக்கு அறையைத் திறந்தோம்; பின்னதில் அறை திறந்தே இருந்தது.

இப்போது அங்கே என்ன நடக்கிறது என்பதையும் நீங்கள் ஒரு ஞாயிறு வந்து பார்த்திருந்தால் இந்தக் கடிதம் வேறு மாதிரி அமைந்திருக்கும். பிட்எக்ஸ் என்று ஒரு செட் இருக்கிறது. ஐதராபாத்தைச் சேர்ந்த அஷார் ஃபர்ஹான், குறைந்த செலவில் யாரும் கட்டக்கூடியதாக வடிவமைத்து உலகத்துக்கே இலவசமாகக் கொடுத்தது. குழாய்க்குப் போடும் வாஷரிலேயே கம்பிச்சுருளை (காயில்) சுற்றிக்கொள்ளலாம் என்று காட்டியவர் அவர். உங்கள் மாணவர்கள் நான்கு பேர் சென்ற ஆண்டு அப்படி வாஷரில் கம்பி சுற்றி ஒன்றைக் கட்டினார்கள். மூன்று முறை காயிலைத் தப்பாகச் சுற்றி, நான்காவது முறை இலங்கையிலிருந்து 4எஸ்7 என்று தொடங்கும் கால்சைனோடு ஒரு குரல் கேட்டபோது அந்தப் பிள்ளைகள் போட்ட கூச்சலில் விடுதிக் காப்பாளர் மேலே ஓடிவந்தார். விண்வெளி நிலையம் கடக்கும்போது 145.800 மெகாஹெர்ட்ஸில் அது அனுப்பும் படங்களை அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கணினியில் வரி வரியாக இறக்குகிறார்கள். எஃப்.டி.8 என்ற முறையில், காதுக்கே எட்டாத மெல்லிய சமிக்ஞையைக் கணினி பிரித்தெடுக்கிறது; அதை உருவாக்கிய இருவரில் ஒருவர் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லர். எனக்கு அதில் அவ்வளவு ருசி இல்லை, குரல் இல்லாத பேச்சு என்ன பேச்சு என்று தோன்றும்; இளையவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் சிக்னல் என்றால் என்ன, இரைச்சல் என்றால் என்ன என்பதை அவர்கள் அங்கேதான் கண்ணால் பார்க்கிறார்கள்.

அதனால்தான் உங்கள் முதல் காரணமான வேலைவாய்ப்புப் பயிற்சியைப் பற்றி நீண்ட விவாதம் வேண்டாம் என்று நினைக்கிறேன். எலெக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளை தானே கட்டிய செட்டை நேர்முகத் தேர்வில் மேசைமேல் வைப்பதைவிட வேறென்ன பயிற்சி வேண்டும்? 120 சதுர அடி அறையில் எத்தனை பேருக்கு வகுப்பு எடுக்கப் போகிறீர்கள் என்பதும் எனக்குப் புரியவில்லை.

பெற்றோரின் அச்சத்தை நான் எள்ளவில்லை. ரிப்பீட்டரின் சக்தி 10 வாட். அதுவும் யாராவது பேசும்போது மட்டுமே வெளிப்படும், நாளின் மற்ற நேரமெல்லாம் அது வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கிறது. எக்ஸ்ரே போல உடலின் அணுக்களைச் சிதைக்கும் வகைக் கதிர்வீச்சு அல்ல அது, வானொலி அலைதான். இடியைப் பொறுத்தவரை, கம்பத்துக்கென்று தனியாகக் கரியும் உப்பும் இட்டு செப்புத் தகடு புதைத்திருக்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசியில் மண்தடையை (இடியின் மின்சாரம் நிலத்துக்குள் இறங்க மண் தரும் எதிர்ப்பு; குறைவாக இருப்பதே நல்லது) அளந்து பதிவேட்டில் எழுதுகிறோம். கடைசி அளவு 2 ஓமுக்கும் கீழே. உங்கள் கட்டடத்தின் மற்ற மூலைகளுக்கு அப்படியொரு பதிவேடு இருக்கிறதா என்று கேட்கலாமா? அதே மாடியின் மறுமூலையைக் கைபேசிக் கோபுரத்துக்கு வாடகைக்கு விடப் பேச்சு நடப்பதாகக் கேள்விப்படுகிறேன். அதைத் தவறென்று சொல்லமாட்டேன். கல்லூரிக்கு வருமானம் வேண்டும். ஆனால் கதிர்வீச்சைக் காரணம் காட்டி ஒரு கம்பத்தை இறக்கிவிட்டு, அதனருகில் இன்னொன்றை ஏற்றினால் அந்தப் பெற்றோருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

இன்னொன்றையும் நீங்கள் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. எங்கள் சங்க நிலையத்தின் உரிமத்தில் உங்கள் கட்டடத்தின் முகவரிதான் இருக்கிறது. நிலையத்தை வேறிடத்துக்கு மாற்ற வேண்டுமானால் தொலைத்தொடர்புத் துறையில் வானலை உரிமங்களைக் கவனிக்கும் டபிள்யூ.பி.சி. பிரிவில் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். அது 30 நாளில் முடிகிற காரியமல்ல. அனுமதியில்லாமல் வேறொரு மாடியில் கம்பத்தை நட்டு ஒலிபரப்பினால் நாங்கள் சட்டத்தை மீறியவர்கள் ஆவோம். ஆகவே உங்கள் கெடுவின் பொருள், இந்த ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த ஊரில் சங்க நிலையமோ ரிப்பீட்டரோ இருக்காது என்பதுதான்.

நாங்கள் கேட்பவை இவை.

காலி செய்யச் சொன்ன கடிதத்தை முதலில் நிறுத்தி வையுங்கள். வரும் தை முடியும்வரையாவது கம்பத்தின் மீது யாரும் கை வைக்க வேண்டாம். ஆட்சிக்குழுவின் அடுத்த கூட்டத்தில் எங்கள் தரப்பில் மூன்று பேருக்கு அரை மணி நேரம் கொடுங்கள். மண்தடைப் பதிவேடு, உரிமத்தின் நகல், கஜா நாட்களின் செய்தி நோட்டு மூன்றையும் கொண்டுவருகிறோம். பெற்றோர் சங்கத்திலிருந்து இருவரும் உங்கள் மின்பொறியாளரும் உடனிருந்து அளவுகளைத் தாங்களே எடுத்துப் பார்க்கட்டும். அளவில் குறை இருந்தால் எங்கள் செலவில் சரிசெய்கிறோம். சரிசெய்ய முடியாததென்றால் நாங்களே இறக்கிவிடுகிறோம்.

அறை உங்களுக்குக் கட்டாயம் வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். மாடிப்படி முடியும் இடத்தில் துடைப்பமும் பழைய பேனர்களும் வைத்திருக்கும் மறைப்பு போதும். மேசை ஒன்று, பேட்டரி ஒன்று, கேபிள் வர ஒரு துளை. முகவரி மாறாது, கம்பமும் மாறாது. ஆனால் ஞாயிறு மாலை 4 முதல் 7 வரை சங்க உறுப்பினர்களும், கல்லூரியைச் சாராத பள்ளிப் பிள்ளைகளும் மாடிக்கு வர அனுமதி வேண்டும். சாவியின் ஒரு பிரதி எங்களிடமும், ஒன்று 24 மணி நேரமும் ஆள் இருக்கும் வாயிற்காவல் அறையிலும் இருக்க வேண்டும். அலுவலக மேசை இழுப்பறையில் அல்ல. இந்தமுறை இவையெல்லாம் எழுத்தில், முத்திரையோடு வேண்டும்.

பதிலை வரும் 15ஆம் தேதிக்குள் சங்கச் செயலரின் முகவரிக்கு அனுப்பக் கோருகிறேன். பேட்டரிக்கு நான்கு வயதாகிவிட்டது. மழைக்கு முன் புதிது வாங்கி, ஒரு மாதம் ஏற்றி இறக்கிச் சோதிக்க வேண்டும். அதை மாடியில் வைப்பதா வேண்டாமா என்று தெரிந்த பிறகுதான் கடைக்குப் போக முடியும்.

இப்படிக்கு,
சங்கத்தின் முன்னாள் செயலர்